பலிபீடமே பங்கின் இதயம்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு, பக்த சபைகளும் அன்பியங்களும் ஒன்றாகக் கூடிய கூட்டத்தில் திருவழிபாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இறைவனின் திருவருளால் நமது பங்கு பொன்விழாக் காண்கிறது. முதல் பங்குத் தந்தையை நேரில் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வருகிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக நம்மைக் காத்து வந்த இறைவனுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இந்த விழா நாட்களில் கோவில் எழுந்த வரலாற்றையும், பள்ளி வளர்ந்த வரலாற்றையும், சபைகளின் பணிகளையும் பற்றிப் பலர் பேசுவார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு வேறு. ‘பங்கு வாழ்வில் இறை வழிபாட்டின் இடம்’ என்பதே அது. தலைப்பைக் கேட்டதும், “கோவிலில் வழிபாடு நடக்காமல் வேறு என்ன நடக்கும்? இதில் பேச என்ன இருக்கிறது?” என்று சிலர் எண்ணக்கூடும். பேச இருக்கிறது. ஒரு வீட்டில் கல்யாண வேலை மும்முரமாக நடக்கும்போது பந்தல், பத்திரிகை, சமையல், சீர்வரிசை என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். மணப்பெண் சாப்பிட்டாளா என்று கேட்க ஒருவருக்கும் நினைவிருக்காது. எந்தப் பங்கிலும் வேலை பெருகப் பெருக இப்படி ஓர் ஆபத்து வரக்கூடும். எல்லாம் நடக்கும், யாருக்காக எல்லாம் நடக்கிறதோ அவரை மட்டும் மறந்திருப்போம். ஆகவே இன்று இதைச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

யூபிலி எங்கே தொடங்குகிறது?

யூபிலி என்ற சொல்லே நமக்கு வேதாகமத்திலிருந்து வந்தது. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏழு ஏழாண்டுகளை எண்ணி, நாற்பத்தொன்பது ஆண்டுகள் முடிந்ததும் ஐம்பதாம் ஆண்டைப் பரிசுத்தமாக்க வேண்டும் என்று இறைவன் மோயீசன் வழியாகக் கட்டளையிட்டார். அந்த ஆண்டில் அடிமைகள் விடுதலை பெறுவார்கள். வறுமையால் விற்கப்பட்ட நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்பி வரும்.

ஆனால் இதையெல்லாம் அறிவிக்கும் எக்காளம் எந்த நாளில் ஊதப்பட்டது? அறுவடை முடிந்து மக்கள் களித்திருந்த நாளில் அல்ல. அரசனின் பிறந்த நாளிலும் அல்ல. ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவப்பரிகார நாளில் ஊதப்பட்டது. மக்கள் முழுவதும் தங்கள் இறைவன் முன் தாழ்ந்து நின்று, பாவ மன்னிப்புக் கேட்டு, பலி செலுத்திய நாள் அது. அந்த நாளில்தான் யூபிலி பிறந்தது. முதலில் இறைவனை வணங்கினார்கள். பிறகு அடிமையின் கட்டை அவிழ்த்தார்கள். இந்த ஒழுங்கை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நாங்கள் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டதாக ஆகும்.

ஆதிக் கிறிஸ்தவர்களின் ஞாயிறு

திருச்சபையின் தொடக்க காலத்தில் கிறிஸ்தவர்களுக்குக் கோபுரம் வைத்த கோவில் இல்லை, மணி இல்லை, பள்ளி இல்லை, மருத்துவமனை இல்லை. இருந்ததெல்லாம் ஞாயிறு வழிபாடு ஒன்றுதான். உரோமை நகரில் வாழ்ந்து, ஏறக்குறைய 165-ஆம் ஆண்டில் வேதசாட்சியாக உயிர்நீத்த புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று அரசனுக்கு விளக்கி எழுதி வைத்திருக்கிறார். நகரிலும் நாட்டுப்புறத்திலும் வாழ்பவர்கள் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுகிறார்கள்; அப்போஸ்தலர்களின் நினைவேடுகளும் இறைவாக்கினர்களின் நூல்களும் வாசிக்கப்படுகின்றன; தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகிறார்; எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள்; அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன; தலைவர் நன்றி கூறிச் செபிக்க, மக்கள் ஆமென் என்கிறார்கள்; எல்லாரும் அதில் பங்கு பெறுகிறார்கள்; வர முடியாதவர்களுக்குத் தியாக்கோன்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்கும்போது நம் கோவிலில் சென்ற ஞாயிறு நடந்த திருப்பலியே நினைவுக்கு வருகிறதல்லவா? ஏறக்குறைய 1870 ஆண்டுகள் கடந்தும் அதே வழிபாடு! யுஸ்தீன் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார். வசதி உள்ளவர்கள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கை தலைவரிடம் சேர்க்கப்பட்டு, அநாதைகளுக்கும், விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், வழிப்போக்கர்களுக்கும் பகிரப்படுகிறது. நமது வின்சென்ட் தே பவுல் சபையின் வேலை அன்றே தொடங்கிவிட்டது. அது பலிபீடத்தின் அடியிலிருந்தே தொடங்கியது.

இந்த ஞாயிறு வழிபாட்டுக்காக உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. தியோக்கிளேசியன் பேரரசன் கிறிஸ்தவர்கள் கூடுவதற்குத் தடை விதித்திருந்த காலம். 304-ஆம் ஆண்டில், இன்றைய துனீசியா நாட்டில் இருந்த அபித்தினா என்ற ஊரில் 49 பேர், ஒரு வீட்டில் ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காகப் பிடிபட்டார்கள். குருவானவரும் இருந்தார், ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் இருந்தார்கள். தடையை மீறி ஏன் கூட்டினாய் என்று நீதிபதி கேட்டதற்கு, வீட்டுக்காரரான எமெரித்துஸ், ஞாயிறு வழிபாடு இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்ற பொருள்படப் பதில் சொன்னார். கடமை என்றோ சட்டம் என்றோ அவர் சொல்லவில்லை. மூச்சு இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்வதைப் போலச் சொன்னார். ஞாயிறன்று பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் கோவிலுக்கு வர மழையையும் வெயிலையும் காரணம் காட்டும் எவரும் அந்த 49 பேரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் மண்ணில் முதல் விதை

அபித்தினா எங்கோ தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நமது தமிழ் மண்ணிலும் விசுவாசம் வழிபாட்டின் வழியாகவே ஊன்றப்பட்டது. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் முதல் வேலையாக என்ன செய்தார்? இரு மொழியும் அறிந்தவர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். ஞாயிறுதோறும் ஊர் மக்கள் அனைவரையும் ஓரிடத்தில் சேர்த்து, அந்தச் செபங்களை ஒரே குரலாகச் சொல்ல வைத்தார். அவருடைய தமிழ் செம்மையாக இருந்திராது. ஆனால் மக்கள் இறைவனை அப்பா என்று தங்கள் மொழியில் அழைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அவருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். பதினாறே பக்கங்கள். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘தம்பிரான் வணக்கம்’! தம்பிரான் என்றால் ஆண்டவர். ஆண்டவரை வணங்குதல் என்ற பெயரோடுதான் இந்திய மண்ணில் நமது எழுத்து அச்சுலகில் கால்வைத்தது. அடுத்த ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டு பாவசங்கீர்த்தனம் செய்ய உதவும் நூல் வந்தது. புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய நூலான ‘அடியார் வரலாறு’ 1586-ஆம் ஆண்டில்தான் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆண்டவர் வணக்கம். பிறகு பாவ மன்னிப்பு. அதன் பிறகு அடியார்களின் பெருமை. நம் விசுவாசத் தந்தையர்கள் எதை முதலில் வைத்தார்களோ அதை நாம் பின்னுக்குத் தள்ளலாமா?

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து நம் சகோதரர்களையும் நினைத்துப் பாருங்கள். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பிறகு கத்தோலிக்கக் குருக்கள் அங்கே இருக்கக் கூடாது என்று தடை செய்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்த மக்களுக்குத் திருப்பலி இல்லை. 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குருவானவர், ஏழைக் கூலியாளைப் போல வேடம் பூண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என்று தெரியாமல், கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு மனம் கசிந்தவர்கள் வழியாக மந்தையைக் கண்டுபிடித்தார். சில்லாலை கிராமத்து மக்கள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். இரவு வேளைகளில் மறைவாகத் திருப்பலி நடந்தது. அந்த யோசேப் வாஸ் அடிகளாரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14-ஆம் நாள் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். முப்பது ஆண்டுகள் பூசை காணாதிருந்து, ஓர் இரவில் மீண்டும் நற்கருணை வாங்கிய அந்த மக்களின் கண்ணீரை நாம் கற்பனை செய்துகொள்ளலாம்.

நமக்கும் அந்த அனுபவம் சிறிது உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா நோயால் கோவில் கதவுகள் மூடப்பட்டன. பரிசுத்த வாரம் மக்கள் இல்லாமலே கழிந்தது. மார்ச்சு 27 அன்று மாலை மழையில், ஆளில்லாத இராயப்பர் சதுக்கத்தில் திருத்தந்தை தனியாக நின்று நற்கருணை ஆசீர் வழங்கியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். திருப்பலியைக் கைப்பேசியில் கண்ணால் கண்டோம். நாவால் உண்ண முடியவில்லை. படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அந்த ஒளிபரப்பு இன்றும் பெரிய ஆறுதல். ஆனால் நடக்க முடிந்தவர்களுக்கு அது மாற்று ஆகாது. தாய் சமைத்த சோற்றைப் படத்தில் பார்த்துப் பசியாற முடியுமா?

சங்கம் எதை முதலில் எடுத்தது?

1962-இல் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருந்தன. உலகில் போர் அச்சம், வறுமை, கிறிஸ்தவர்களிடையே பிரிவினை, இறைநம்பிக்கையின்மை எல்லாம் இருந்தன. ஆயினும் ஆயர்கள் முதன்முதலாக எடுத்து விவாதித்தது திருவழிபாட்டைப் பற்றிய வரைவையே. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் 2147 பேர் ஆதரவாகவும் 4 பேர் எதிராகவும் வாக்களிக்க, அது திருச்சபையின் ஏடாக வெளிவந்தது. திருச்சபையின் எல்லாச் செயல்களும் சென்று சேரும் சிகரம் திருவழிபாடே என்றும், அதன் ஆற்றல் எல்லாம் சுரந்து வரும் ஊற்றும் அதுவே என்றும் அந்த ஏடு போதிக்கிறது.

அதற்கு முன் திருப்பலி இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தில் நிற்க, மக்கள் பின்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நம் பெரியோர்கள் சொல்வார்கள். நமது பங்கோ சங்கத்துக்குப் பிறகு பிறந்தது. தமிழ்த் திருப்பலியிலேயே வளர்ந்தது. இது நமக்குக் கிடைத்த பெரும்பேறு. வாசகமும், பதிலுரைப் பாடலும், மன்றாட்டும், காணிக்கைப் பவனியும் எல்லாம் நம் மொழியில், நம் கையில் இருக்கின்றன. சங்கம் விரும்பியது மக்கள் உணர்ந்து, முழுமையாக, செயல்முறையில் பங்கெடுப்பதை. அப்படியானால் கோவில் வாசலில் வேப்பமர நிழலில் நின்று மறையுரை முடிவதற்காகக் காத்திருப்பது பங்கெடுப்பு ஆகுமா? நற்கருணை வாங்கிய கையோடு இறுதி ஆசீருக்கு முன்பே வண்டியைக் கிளப்புவது பங்கெடுப்பு ஆகுமா? பாடகர் குழு மட்டும் பாட, மக்கள் கச்சேரி கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பது பங்கெடுப்பு ஆகுமா? ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் பதில் சொல்லிக்கொள்வோம்.

திருவிழா யாருக்கு?

நமது பங்கு வாழ்வில் திருவிழாவுக்குத் தனி இடம் உண்டு. கொடியேற்றம், நவநாள், சப்பரம், தேர்ப்பவனி என்று ஊரே மகிழும் நாட்கள் அவை. வெளியூர் சென்ற பிள்ளைகள் வீடு திரும்புவதும், பிற சமயத்துச் சகோதரர்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அந்த நாட்களில்தான். இவற்றை யாரும் குறைவாகச் சொல்ல முடியாது. சங்கமும் இத்தகைய பக்தி முயற்சிகளைப் போற்றுகிறது. அவை திருவழிபாட்டிலிருந்து பிறக்க வேண்டும், மக்களைத் திருவழிபாட்டுக்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை விதிக்கிறது.

ஆகவே ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு சிறு அளவுகோல் வைத்துப் பார்க்கலாம். தேர் இரவில் எவ்வளவு நேரம் சுற்றியது, வாணவேடிக்கைக்கு எவ்வளவு செலவாயிற்று, எத்தனை குழல்விளக்கு எரிந்தது என்பது அளவுகோல் அல்ல. அந்த ஒன்பது நாட்களில் எத்தனை பேர் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள்? தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலைத் திருப்பலிக்கு எத்தனை பேர் வந்தார்கள்? பேசாதிருந்த எத்தனை குடும்பங்கள் பேசத் தொடங்கின? பாதுகாவலரான புனிதர் வானகத்திலிருந்து இதைத்தான் எண்ணிப் பார்ப்பார். புனிதர்கள் யாவரும் இறைவனைச் சுட்டிக்காட்டும் விரல்கள். விரலுக்கு மாலை போட்டுவிட்டு, அது காட்டும் திசையைப் பார்க்காமல் போனால் புனிதரே வருந்துவார்.

இங்கே மரியாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேர் வடத்தை முதலில் யார் தொடுவது, முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு, தலைக்கட்டு வரியில் எத்தெருவுக்கு எவ்வளவு என்பதில் பல ஊர்களில் மனக்கசப்பு எழுந்து, திருவிழாவே நின்றுபோன செய்திகளைக் கேட்டிருக்கிறோம். மின்விசிறியின் இறக்கையில்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. சங்கத்தின் அதே ஏடு, வழிபாட்டில் தனியாட்களுக்கோ தனிப் பிரிவினருக்கோ சிறப்பு மரியாதை எதுவும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இறைவன் முன்னிலையில் நமக்கெல்லாம் ஒரே மரியாதைதான். ஞானஸ்நானத் தண்ணீரில் கிடைத்த மரியாதை அது.

இன்னும் ஆழமான புண் ஒன்று உண்டு. அது சாதி. கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களைப் புனித சின்னப்பர் கடிந்துகொண்டதை நினைவில் கொள்வோம். அங்கே ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது வசதி படைத்தவர்கள் முந்திக்கொண்டு உண்டு களித்தார்கள்; ஏழைகள் பசியோடு நின்றார்கள். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று சின்னப்பர் அவர்களுக்கு எழுதினார். பிரிவினையோடு செய்யும் வழிபாடு வழிபாடே ஆகாது என்பது அதன் பொருள். நம் நாட்டிலும் இது நடந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து வைத்த சுவர் ஒன்று நின்றது. 1910-இல் அது இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவர் மீண்டும் எழவில்லை. செங்கல் சுவரை இடிக்கச் சம்மட்டி போதும். மனத்தில் இருக்கும் சுவரையும், கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் சுவரையும், சப்பரம் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற எழுதப்படாத சுவரையும் இடிக்க நற்கருணையின் வல்லமை வேண்டும். ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறவர்கள் ஒரே உடலாகிறார்கள் என்று விசுவசித்துவிட்டு, வெளியே வந்ததும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்து போக முடியாது.

சேவை பெரிதா, செபம் பெரிதா?

சில இளைஞர்கள் நல்ல உள்ளத்தோடு ஒரு கேள்வி கேட்கிறார்கள். “ஏழைகளுக்கு உதவுவதுதானே உண்மையான வழிபாடு? கோவிலில் முழந்தாளிடுவதைவிட ஒரு நோயாளிக்கு இரத்தம் கொடுப்பது மேலல்லவா?” என்கிறார்கள். நியாயமான கேள்வி. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரில் போதித்த புனித அருளப்பர் கிறிசோஸ்தோம் இதைவிடக் கடுமையாகவே பேசியிருக்கிறார். கோவிலுக்குள் கிறிஸ்துவுக்குப் பட்டு உடுத்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நடுங்கும் கிறிஸ்துவைக் கவனியாமல் போவதால் என்ன பயன் என்று அவர் கேட்டார். நமது பொன்விழாச் செலவுகளைத் திட்டமிடும்போது இந்தக் கேள்வி நம் காதில் ஒலிக்க வேண்டும்.

ஆனால் அவர் பட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. பீடத்தை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. பீடத்தில் யாரைக் கண்டாரோ அவரையே தெருவிலும் கண்டதால்தான் அவரால் அப்படிப் பேச முடிந்தது. செபம் வற்றிப்போன சேவை நாளடைவில் அலுத்துப்போகும். நன்றி கிடைக்காதபோது கசந்துபோகும். போட்டியாளர் வந்தால் சண்டையாகும். கிணற்றில் ஊற்று இருந்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஊற்று இருந்தும் வாய்க்காலை அடைத்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர் பாசி பிடிக்கும். இரண்டும் வேண்டும், ஆனால் ஊற்றுதான் முதலில்.

எழுவரின் பாடம்

அப்போஸ்தலர் பணி நூல் 6-ஆம் அதிகாரத்தில் நமக்கு நேரடியான ஒரு பாடம் இருக்கிறது. எருசலேம் சபையில் விதவைகளுக்கு உணவு பங்கிடுவதில் மனத்தாங்கல் ஏற்பட்டது. நல்ல வேலைதான், அவசியமான வேலைதான். ஆனால் அதையும் தாங்களே செய்தால் செபமும் இறைவார்த்தைப் பணியும் தடைப்படும் என்பதை அப்போஸ்தலர்கள் கண்டார்கள். பந்தி வேலையை நிறுத்தவில்லை, செபத்தையும் குறைக்கவில்லை. நற்பெயர் பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

பங்குத் தந்தையரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். கட்டட வேலை, பள்ளிக் கணக்கு, மின்சார வாரியம், பத்திரப் பதிவு, சான்றிதழ், நிலத் தகராறு இவற்றிலேயே பொழுது போய்விட்டால், மறையுரைக்கு ஆயத்தம் செய்வது எப்போது? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்வது எப்போது? பூசுதல் பெறக் காத்திருக்கும் நோயாளியின் படுக்கை அருகே உட்காருவது எப்போது? கணக்கும் கட்டடமும் தெரிந்த பொதுநிலையினர் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், வங்கியில் பணியாற்றியவர்களும், கொத்தனார்களும், மின் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எழுவரைப்போல முன்வந்து தோள் கொடுத்தால், நம் குருவானவர் நமக்குக் குருவாகவே இருக்க முடியும். இதுவும் வழிபாட்டுக்குச் செய்யும் பெரிய உதவி.

நாம் செய்யக் கூடியவை

பொன்விழாவை முன்னிட்டுப் பெரிய திட்டங்கள் பல பேசப்படுகின்றன. திருவழிபாட்டுக் குழுவின் சார்பில் செலவில்லாத சில சிறு முயற்சிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஞாயிறு திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து அமைதியாக அமர்வோம். கைப்பேசியை அணைத்து வைப்போம். கோவிலில் அமைதி என்பதும் ஒரு செபமே.

இரண்டாவது, வாசகம் வாசிப்பவர்கள் சனிக்கிழமையே அதை வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும். வாசகப் பீடத்தில் நின்று முதல் முறையாகப் பக்கத்தைத் தேடக் கூடாது. அங்கே பேசுகிறவர் கிறிஸ்து. நாம் அவருக்கு நாவைக் கொடுக்கிறோம்.

மூன்றாவது, பாடகர் குழுவினர் எல்லாரும் பாடக்கூடிய பாடல்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கட்டும். புதுப்பாடல் இருந்தால் திருப்பலிக்கு முன் மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சினிமா மெட்டுக்கு இங்கே இடம் வேண்டாம்.

நான்காவது, திருமண வீட்டார் வீடியோ எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். மணமக்களுக்கும் பீடத்துக்கும் நடுவில் விளக்கும் கருவியுமாக ஆட்கள் நின்றால், அங்கே நடக்கும் திருவருட்சாதனம் யாருக்குத் தெரியும்?

ஐந்தாவது, சிறுவர்களைப் பெற்றோரே கையைப் பிடித்து அழைத்து வரட்டும். 1910-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஏறக்குறைய ஏழு வயதில் புத்தி விவரம் தெரிந்த குழந்தைகளுக்கு நற்கருணை மறுக்கப்படக் கூடாது என்று ஆணையிட்டார். குழந்தைகளை அவர் பந்திக்கு அழைத்து வந்தார். புதுநன்மை வாங்கிய மறு ஞாயிறே டியூஷன் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நாம் அவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடக் கூடாது.

ஆறாவது, பங்கிலுள்ள நோயாளிகள், முதியோர் ஒவ்வொருவருக்கும் நற்கருணை தவறாமல் சேரும்படி அன்பியங்கள் பெயர்ப்பட்டியல் தயாரித்துக் கொடுக்கட்டும். யுஸ்தீன் காலத்துத் தியாக்கோன்கள் செய்த வேலை அது.

ஏழாவது, பேசாதிருக்கும் உறவினரோ அயலாரோ நமக்கு இருந்தால், பொன்விழாத் திருப்பலிக்கு முன் அவர் வீட்டுக் கதவை நாமே தட்டுவோம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சமாதானம் செய்துகொண்டு வரும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார். லேவியர் ஆகமத்து யூபிலியில் கட்டுகள் அவிழ்க்கப்பட்டன. நமது யூபிலியில் இந்தக் கட்டுகளாவது அவிழட்டும்.

அன்பர்களே! இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் கோவில் பலமுறை வெள்ளையடிக்கப்பட்டது, ஒலிபெருக்கிகள் மாறின, பங்குத் தந்தையர்கள் வந்தார்கள், மாற்றலாகிச் சென்றார்கள், நம் பெற்றோர் பலர் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. நற்கருணைப் பேழையின் முன் எரியும் அந்தச் சிறு விளக்கு. ஊர் உறங்கிய பிறகும் அது எரிகிறது. அங்கே இருக்கிறவர் நமக்காக விழித்திருக்கிறார். நம் எல்லா ஓட்டங்களும் அவரிடமிருந்து புறப்பட்டு அவரிடமே வந்து சேரட்டும்.

கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது, தம் மகன் சொல்வதைச் செய்யும்படி பணியாளர்களுக்குச் சொன்ன தேவதாய், இந்தப் பொன்விழா வீட்டிலும் நம் அருகே நிற்பாராக. நமது பாதுகாவலர் நமக்காக மன்றாடுவாராக. நூற்றாண்டு விழாக் காணப்போகும் நம் பிள்ளைகள், “எங்கள் பெற்றோர் எங்களுக்குப் பெரிய கோவிலையும் தந்தார்கள், அதற்குள் முழந்தாளிடவும் கற்றுத் தந்தார்கள்” என்று சொல்லும்படி இறைவன் அருள்வாராக.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!